டவுனுக்குள் ஒரு வேலி

பத்திரம் எழுதுகிறவனுக்கு நிலத்தைப் பற்றி ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. மண் செம்மண்ணா உவர்மண்ணா, பனை நிற்கிறதா, கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க ஆகுமா, எதையும் கேட்க மாட்டோம். நாலு பக்கமும் என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்போம். கிழக்கே இன்னார் மனை, மேற்கே பஞ்சாயத்துப் பாதை, வடக்கே பனைமட்டை வேலி, தெற்கே ஊரணிக் கரை. இந்த நான்கெல்லைக்குட்பட்ட கிழமேல் இத்தனை அடி, தென்வடல் இத்தனை அடி. செக்குபந்தி சரியாக விழுந்துவிட்டால் உள்ளே கிடப்பது தானாகவே சொத்தாகிவிடும். இராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளிப் பக்கம் உட்கார்ந்து பாதி ஆயுளாக இதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அதனால்தான் அக்கா மகள் கொண்டுவந்த ஒரு ஜெர்மன் சொல் என்னை இப்படிப் பிடித்துக்கொண்டது.

அவள் நர்சிங் முடித்தவள். ஜெர்மனிக்குப் போக வேண்டும் என்று மொழி படிக்கிறாள். மொழிப் பரீட்சை தேறாமல் அங்கே நர்ஸ் வேலைக்குச் சேர முடியாது; பி1, பி2 என்று படிப்படியாக வைத்திருக்கிறார்கள். அட்டை அட்டையாகச் சொற்களை எழுதி வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து சத்தம் போட்டுப் படிப்பாள். தெருவில் போகிறவர்கள் யாரையோ திட்டுகிறாள் என்று நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

"மாமா, ட்ஸவுன்னா வேலியாம். இங்கிலீஷ்ல டவுன்னு சொல்றோம்ல, அது மாதிரியே இல்ல? ரெண்டுக்கும் சம்பந்தம் உண்டா, இல்ல சும்மா ஒலி ஒத்துப்போகுதா?"

அஷ்டமி, நவமியில் யாரும் கிரயம் பண்ண வர மாட்டார்கள். அந்த நாட்களில் எனக்குப் பொழுது போவது கஷ்டம். செல்போனில் தேடவும் அகராதிகளைப் புரட்டவும் ஆரம்பித்தேன்.

சம்பந்தம் உண்டு. சும்மா அல்ல, ஒரே சொல்தான். பழைய ஆங்கிலத்தில் 'தூன்' என்றால் அடைப்பு. பிறகு அடைப்புக்குள் இருக்கும் முற்றம், அப்புறம் வீடும் தொழுவமும் சேர்ந்த பண்ணை, அப்புறம் நாலு பண்ணை சேர்ந்த ஊர், கடைசியாக இன்றைய டவுன். ஸ்காட்லாந்துக்காரர்கள் தங்கள் பேச்சில் 'தூன்' என்று ஒரு தனிப் பண்ணையைச் சொல்லும் வழக்கம் வெகுகாலம் இருந்திருக்கிறது. ஊராக வளருவதற்கு முந்தைய படியில் அவர்கள் சொல் நின்றிருக்கிறது. இங்கிலாந்தில் 'டன்' என்று முடியும் ஊர்ப்பெயர்களில் பெரும்பாலானவை இந்தச் சொல்லைத்தான் சுமந்துகொண்டிருக்கின்றன. கிங்ஸ்டன் ராஜாவின் பண்ணை. பிரைட்டன் யாரோ ஒரு பியோர்ட்ஹெல்மின் பண்ணை. வாஷிங்டனும் இந்த ரகம்தான்: அமெரிக்கத் தலைநகருக்கு ஒரு மனிதரின் பெயர், அந்த மனிதரின் குடும்பத்துக்கு வட இங்கிலாந்தில் ஓர் ஊரின் பெயர், அந்த ஊரின் பெயருக்குள் ஒரு பண்ணை, பண்ணையைச் சுற்றி ஒரு வேலி.

ஜெர்மன்காரர்கள் வேலியை விட்டு நகரவே இல்லை. அவர்களுக்கு ட்ஸவுன் இன்றும் வேலிதான். ஒரு சின்னஞ்சிறு குருவிக்கு 'ட்ஸவுன்கியோனிக்' என்று பேர் வைத்திருக்கிறார்கள், வேலி ராஜா. காசு கொடுக்காமல் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்கிறவனுக்கு 'வேலி விருந்தாளி'. ஒன்றுமில்லாததற்குச் சண்டை இழுத்தால் 'வேலியிலிருந்து சண்டையை ஒடித்தான்' என்பார்களாம். நம் ஊரிலும் சண்டைக்குக் கம்பு வேண்டுமென்றால் முதலில் கை போகிற இடம் வேலிதான். வேலித் தகராறு வந்து எத்தனை குடும்பங்கள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கின்றன என்று என்னைக் கேட்டால் வரிசையாகச் சொல்வேன், ஆனால் தொழில் தர்மம் இருக்கிறது.

டச்சுக்காரர்கள் வேலியைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் மொழியில் அதே சொல், 'டொய்ன்' என்பதற்குக் கிட்டத்தட்ட ஒலிப்பது, தோட்டம். ஆனால் பழைய பொருள் ஒரு மரபுத்தொடரில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒருவனை ஏமாற்றுவதை 'டொய்னைச் சுற்றி அழைத்துப்போவது' என்பார்கள். தோட்டத்தைச் சுற்றிக் காட்டினால் அது உபசாரம். வாசலைக் காட்டாமல் வேலியைச் சுற்ற வைத்தால்தான் ஏமாற்று. நார்வேயில் அதே சொல் பண்ணை வீடுகளுக்கு நடுவே இருக்கும் முற்றம். ஐஸ்லாந்தில் வீட்டை ஒட்டி மாட்டுக்குப் புல் வளர்க்கும் வயல்.

ஒரே கம்பு ஊன்றியிருக்கிறது. ஒருவன் கம்பைப் பார்க்கிறான், ஒருவன் கம்புக்குள் இருக்கும் செடியை, ஒருவன் புல்லை, ஒருவன் அங்கே குடியிருக்கும் ஆட்களை. செக்குபந்தி ஒன்றுதான், சொத்து விவரம்தான் மாறுகிறது.

இதில் ஆச்சரியப்பட நமக்கு அவ்வளவு இடமில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் போனால் வேலி என்பது நில அளவு. இருபது மா ஒரு வேலி. சங்கப் பாட்டிலேயே அந்த அளவு வந்துவிடுகிறது. இன்னும் தெற்கே வந்தால் வேலி ஒரு மாநகரம். நெல்லுக்கு இறைவன் வேலியிட்டுக் காத்த கதையைத் திருநெல்வேலிக்காரர்கள் சொல்வார்கள். கதையை நம்பினாலும் நம்பாவிட்டாலும் ஊர்ப்பெயரில் வேலி வேலியாகவே நிற்கிறது. மாட்டையும் ஆட்டையும் அடைக்கிற பட்டி எத்தனை ஆயிரம் ஊர்ப்பெயராகிவிட்டது என்று எண்ணி மாளாது. எங்கள் கரையில் வேலிக்குப் பதில் வேறு பொருள்கள் ஊராகியிருக்கின்றன. ஊர் விட்டு ஊர் பெயர்ந்து போவதுதான் வலசை. அது பிரப்பன்வலசையில் ஊராக உட்கார்ந்துவிட்டது. குளம் ஏந்தலாகி, ஏந்தல் ஊராகியிருக்கிறது. தங்கச்சிமடத்தில் மடம் எங்கே என்று யாரும் தேடுவதில்லை. ராம்நாட்டில் "அரண்மனைக்குப் போயிட்டு வர்றேன்" என்றால் கடைவீதிக்குப் போகிறான் என்று பொருள், சேதுபதியைப் பார்க்க அல்ல.

வேலி காடான கதையும் எங்கள் மாவட்டத்துக்கு உண்டு. சீமைக்கருவேலுக்கு வேலிக்காத்தான் என்று ஒரு பேர். வேலிக்கும் விறகுக்கும் ஆகும் என்று வந்த மரம், காத்ததெல்லாம் போதும் என்று கண்மாய்க்குள்ளும் புஞ்சைக்குள்ளும் இறங்கிவிட்டது. வேலியே பயிரை மேய்வது இங்கே பழமொழி இல்லை, நிலவரம்.

இதுவரை சொன்ன ஐரோப்பிய மொழிகளெல்லாம் ஜெர்மானியக் குடும்பம். எனக்கு இன்னும் பிடித்தது கெல்டிக் பக்கம். அயர்லாந்தின் ஐரிஷ், ஸ்காட்லாந்தின் கேலிக், வேல்ஸின் வெல்ஷ், பிரான்சின் மேற்கு முனையில் பிரெட்டன் என்று இன்றைக்கு ஐரோப்பாவின் ஓரங்களில் ஒதுங்கிக் கிடக்கும் மொழிகள். ஒரு காலத்தில் இவற்றின் உறவுமொழிகள் பிரான்சின் பெரும்பகுதியில், ஆல்ப்ஸ் மலைப்பக்கம், இன்றைய துருக்கியின் நடுப்பகுதி வரைகூடப் பேசப்பட்டன. அந்தக் குடும்பத்தில் 'டூன்' என்றால் கோட்டை. பிரான்சின் லியோன் நகரம் ரோமானியர் காலத்தில் லுக்டூனம், லுகுஸ் என்ற தெய்வத்தின் கோட்டை. முதல் உலகப்போரில் 1916இல் லட்சக்கணக்கானவர்கள் மடிந்த வெர்டனின் பெயரிலும் அதே டூன். அயர்லாந்தின் டொனிகால் 'அந்நியர்களின் கோட்டை'. ஸ்காட்லாந்தில் டண்டி. எடின்பரோவுக்குக் கேலிக் பெயர் டூன் ஏடின். அதையே நியூசிலாந்துக்குக் கொண்டுபோய் டனிடின் என்று ஒரு நகரம் கட்டினார்கள்.

வெல்ஷில் அந்த நெடில் ஊ, ஈ ஆகிப் பிறகு 'தின்' என்று ஒலித்தது. அதிலிருந்து வந்த 'தினாஸ்' முதலில் கோட்டை, இன்று நகரம். ஆங்கிலத்தில் வேலி போய்ச் சேர்ந்த இடத்துக்கே வெல்ஷில் கோட்டை வேறு வழியாக நடந்து போய்ச் சேர்ந்திருக்கிறது. வேல்ஸ் கடற்கரையில் டென்பி என்று ஓர் ஊர். அதன் வெல்ஷ் பெயரை அப்படியே சொன்னால் 'மீன்களின் சிறு கோட்டை'. பக்கத்து மீன்பிடி ஊரான மண்டபத்துக்காரர்களிடம் சொன்னால் உடனே புரியும், எங்கள் ஊருக்கே அந்தப் பேர் பொருந்தும் என்று சண்டைக்குக்கூட வருவார்கள்.

டூன் என்றால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டு அயர்லாந்தின் மேற்கே அரன் தீவுகளில் இருக்கும் டூன் ஏங்கஸின் படங்களைப் பார்த்தேன். சுமார் நூறு மீட்டர் உயரப் பாறை விளிம்பில், சுண்ணாம்புக்கல்லை அடுக்கிக் கட்டிய அரை வட்ட மதில்கள். நிலத்துப் பக்கம்தான் மதில். அட்லாண்டிக் பக்கம் ஒன்றுமே இல்லை, பாறை செங்குத்தாகக் கடலில் இறங்குகிறது. மதிலுக்கு வெளியே கூர்கூரான கற்களை நெருக்கமாக நட்டு வைத்திருக்கிறார்கள், முள்வேலி போட்ட மாதிரி. மூன்று பக்கம் மதில், ஒரு பக்கம் கடல். கடலோர மனைக்கு நாங்கள் ஒரு பக்கத்தைக் கடல் புறம்போக்கு என்று எழுதி முடிப்போமே, அதே கணக்கு.

அதைவிட ருசியான விஷயம், ஐரிஷில் டூன் வினைச்சொல்லும்கூட. 'டூன் அன் டொரஸ்' என்றால் கதவை அடை. கடை மூடியிருந்தால் வாசலில் 'டூன்டா' என்று பலகை தொங்கும். கோட்டை என்ற பெயரிலிருந்து அடைத்தல் என்ற வினை கிளைத்திருக்கிறது. நாங்கள் வேலியையும் அடைக்கிறோம், கதவையும் அடைக்கிறோம். மெட்ராஸ் பக்கத்து ஆட்கள் 'கதவைச் சாத்து, மூடு' என்பார்கள். எங்களுக்கு 'அடை'தான் வாயில் வரும். இந்த ஒரு வினைக்காகவே அயர்லாந்துக்காரர்களை எனக்குப் பிடித்துப்போயிற்று.

அக்கா மகளுக்கு இங்கேதான் சந்தேகம் வந்தது. "டூன் எங்க, ட்ஸவுன் எங்க? ஒரே சொல்லுன்னு எப்படிச் சொல்றீங்க?"

இதை நம் எழுத்தில் விளக்குவது பெரும்பாடு. நமக்கு ஒரே ட தான். டீக்கடையின் ட வேறு, டப்பாவின் ட வேறு. சொல்லும்போது தெரியும், எழுதினால் தெரியாது. கெல்டிக் டூனில் இருப்பது டப்பாவின் ட. ஆங்கில டவுனிலும் டச்சு டொய்னிலும் இருப்பது டீக்கடையின் ட. ஜெர்மனில் அது இன்னொரு படி போய் 'ட்ஸ' ஆகிவிடுகிறது. இந்தச் சொல்லுக்கு மட்டும் நடந்தது என்றால் தற்செயல் என்று விட்டுவிடலாம். பத்து என்பதற்கு வெல்ஷில் 'டெக்' (டப்பா), ஆங்கிலத்தில் 'டென்' (டீக்கடை), ஜெர்மனில் 'ட்ஸேன்'. பல்லுக்கு வெல்ஷில் 'டான்ட்', ஆங்கிலத்தில் 'டூத்', ஜெர்மனில் 'ட்ஸான்'. அந்த டான்ட்டும், வடமொழியிலிருந்து நாம் யானைக்கு வாங்கி வைத்திருக்கும் தந்தமும் ஒரே வேர். இந்த வரிசை மாற்றத்தை 1822இல் ஒழுங்காக எழுதி வைத்தவர் யாக்கோப் கிரிம், குழந்தைக் கதைகள் தொகுத்த அண்ணன் தம்பிகளில் அண்ணன். அதற்குக் கொஞ்சம் முன்னால் டென்மார்க்கின் ராஸ்க் என்பவரும் இதைக் கவனித்து 1818இல் அச்சிலேற்றியிருக்கிறார்.

"கன்னடம் கேட்டிருக்கியா? பால் அங்க ஹாலு, பல் ஹல்லு, பத்து ஹத்து, புலி ஹுலி. ஒண்ணு ரெண்டு சொல் ஒத்துப்போனா அதிர்ஷ்டம். வரிசையா ஒத்துப்போனா உறவு" என்றேன். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. நர்ஸ் பிள்ளை, அறிகுறி வரிசையாக வந்தால்தான் நோய் என்று அவளுக்குத் தெரியும்.

இந்த இடத்தில் ஒரு மனிதரைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரு குடும்பம், வடமொழியிலிருந்து பிறந்தவையல்ல என்று முதலில் அச்சில் ஆதாரத்தோடு காட்டியவர் எல்லிஸ், குறளை மொழிபெயர்த்த அதே எல்லீசன் துரை. 1816இல், கிரிம்முக்கு ஆறு வருஷம் முன்னால், ஒரு தெலுங்கு இலக்கண நூலின் முன்பக்கத்தில் சேர்த்த குறிப்பில் அதை எழுதினார். 1819இல் அவர் செத்துப்போனது எங்கள் இராமநாதபுரத்தில். புதைத்தது திண்டுக்கல்லில். ராம்நாட்டில் அரண்மனைப் பக்கம் போகும்போதெல்லாம் எந்த வீட்டில் கிடந்திருப்பார் என்று தோன்றும்.

சொல்லாராய்ச்சி என்றால் எங்கள் பக்கம் யாருக்கும் பயம் கிடையாது. விஷயத்தைக் கேள்விப்பட்ட ஒரு பெரியவர், "டூன்னா நம்ம தூண் தம்பி. தூண் நட்டாத்தானே கோட்டை" என்று ஒரே வரியில் ஐரோப்பாவை முடித்துவிட்டார். வாட்ஸ்அப்பில் இந்த மாதிரி தினம் ஒன்று வருகிறது. கேட்க நன்றாக இருக்கிறது என்பதைத் தவிர அதில் ஒன்றுமில்லை. பெயர் ஒத்துப்போகிறது என்பதற்காக ஒரு பட்டாவை இன்னொருவர் பேருக்கு மாற்ற முடியுமா? மூலப்பத்திரம் வேண்டும், இடையில் கைமாறிய பத்திரங்கள் வேண்டும், வில்லங்கம் பார்க்க வேண்டும். தூணுக்கும் டூனுக்கும் நடுவில் ஒரு பத்திரம்கூடக் கிடையாது.

டூனுக்கும் டவுனுக்கும் நடுவில் பத்திரம் இருக்கிறது. பெரும்பாலான அறிஞர்கள் சொல்வது, ஜெர்மானியர்கள் இந்தச் சொல்லைக் கெல்டியரிடமிருந்து மிகப் பழங்காலத்தில், அந்த ட மாற்றம் நடப்பதற்கு முன்பே வாங்கிக்கொண்டார்கள் என்பது. இந்த ஒன்றை மட்டும் வாங்கவில்லை. ராஜ்யம் என்று பொருள்படும் 'ரைக்', இரும்புக்கான 'ஐசன்' இரண்டும் கெல்டிக் கடன். அலுவலகம் என்பதற்கு ஜெர்மனில் 'அம்ட்' என்பார்கள். அது 'அம்பாக்டோஸ்', அதாவது ஏவலாள் என்ற கெல்டிக் சொல்லின் வழி. பிரான்சில் அன்றிருந்த கெல்டியரான காலியர்களைப் பற்றிச் சீசர் எழுதும்போதே அந்த வார்த்தை வருகிறது. ராஜா, இரும்பு, ஆபீஸ், கோட்டை. எந்த மாதிரிச் சொற்களைக் கடன் வாங்கியிருக்கிறார்கள் என்று பார்த்தாலே அன்றைக்கு யார் கை ஓங்கியிருந்தது என்று தெரிந்துவிடும். சர்க்கார், தாசில்தார், ஜமாபந்தி எல்லாம் எங்கிருந்து வந்தன என்று பத்திரம் எழுதுகிறவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வாங்கியவர்கள் கோட்டையை வேலியாக்கிக்கொண்டார்கள் என்பதுதான் வேடிக்கை. ஒருவேளை அவர்களிடம் அடைத்துக் காக்க வேண்டியிருந்தது மாடும் கோதுமையும்தானோ என்னவோ.

இன்னொரு கிளையும் இருக்கிறது. டச்சில் 'டொய்ன்' டீக்கடை ட-வில் சொன்னால் தோட்டம். அதையே டப்பா ட-வில் சொன்னால் மணல்மேடு. ஆங்கிலத்தின் 'டியூன்' அந்த மணல்மேட்டுச் சொல் பிரெஞ்சு வழியாகச் சுற்றி வந்தது. டன்கர்க் என்ற ஊரின் பெயருக்கு 'மணல்மேட்டுத் தேவாலயம்' என்றே பொருள். பழைய ஆங்கிலத்தில் குன்றுக்கும் இதே சொல். விம்பிள்டனின் கடைசியில் நிற்பது அந்தக் குன்று. 'குன்றிலிருந்து' என்று சொன்னது தேய்ந்து தேய்ந்துதான் இன்று கீழே என்பதற்கு வழங்கும் 'டவுன்' ஆனது. மேட்டின் பெயர் பள்ளத்துக்கு! இந்த மணல்மேடும் கெல்டிக் கோட்டையின் வழிதான், ட மாற்றம் முடிந்த பிறகு இரண்டாம் முறை வாங்கியது என்று சிலர் சொல்கிறார்கள். எல்லோரும் ஒப்புக்கொண்டது அல்ல.

எனக்கு ஒப்புக்கொள்ள ஆசை. காரணம் ஆராய்ச்சி இல்லை, அரியமான் கடற்கரை. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் கரையோரம் மட்டை வேலி போட்டவர்களைப் பாருங்கள். மணல் பறந்து வந்து வேலியில் மோதி அதன் காலடியிலேயே விழும். கொஞ்ச நாளில் வேலி பாதி புதைந்திருக்கும், அப்புறம் தலை மட்டும் தெரியும். அதன் மேல் அடும்பங்கொடி படரும், இராவணன் மீசைப் புல் வேர் விடும், மேடு நிலைத்துவிடும். டச்சுக்காரர்களும் கடலைத் தடுக்கும் மணல்மேடுகளைச் சுள்ளி வேலி நட்டும் புல் நட்டும்தான் வளர்க்கிறார்கள். அங்கே இராவணன் இல்லை, புல்லுக்கு வேறு பேர், அவ்வளவுதான்.

அக்கா மகளுக்கு இதெல்லாம் பரீட்சைக்கு உதவாது. அவளுக்கு உதவியது ஒரே ஒரு மரபுத்தொடர். ஒருவர் ஜாடையாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு ஊருக்கே தெரியும்படி ஒரு விஷயத்தைக் கோடி காட்டினால், ஜெர்மன்காரர்கள் 'வேலிக்கம்பைப் பிடுங்கி ஆட்டுகிறார்' என்பார்களாம். போன வாரம் எங்கள் அக்கா, காப்பி கொடுத்துக்கொண்டே, கீழக்கரையில் ஒரு பையன் இருக்கிறான், துபாயில் வேலை, ஜாதகம் யாரும் கேட்கவில்லை, சும்மாதான் சொல்கிறேன் என்று ஆரம்பித்தாள். இவள் அட்டையிலிருந்து தலையை எடுக்காமல், "மாமா, அம்மா கம்ப ஆட்டுறாங்க" என்றாள். அக்கா என்னைப் பார்த்தாள். "என்னடா கம்பு? என்ன சொல்லிக் குடுத்து வச்சிருக்க இவளுக்கு?"